பெட்ரோல் இறங்காத வண்டி

எங்கள் காருக்குப் பெட்ரோல் போடுவதே பெரும் பாடாக இருந்த காலம் ஒன்று உண்டு. வண்டி நன்றாக ஓடும். எஞ்சினில் ஒரு குறை சொல்ல முடியாது. டேங்க்கும் காலியாகத்தான் இருக்கும். ஆனால் பங்க்கில் குழாயை உள்ளே விட்டு அழுத்தினால் 'டக்' என்று நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடியும் 'டக்'. டேங்க் நிரம்பியதும் தானாக நிற்பதற்கென்று அந்தக் குழாயில் ஓர் ஏற்பாடு இருக்கிறதல்லவா, அது எங்கள் காலி டேங்க்கைப் பார்த்து நிரம்பிவிட்டது என்று அடம்பிடித்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். திண்டிவனத்தில் மோட்டாரும் பிளாஸ்டிக் குழாயும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். கடையில் வாடிக்கையாளரிடம் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டுவது என் வழக்கம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் எல்லாவற்றையும் என் மனைவி ஒருத்திதான் வாங்கிக்கொள்வாள்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டிருந்தன. வாரத்தில் மூன்று நாள் விழுப்புரத்துக்கு அழைத்துப் போய் ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் இயந்திரத்தில் படுக்க வைக்க வேண்டும். ஒரு தடவை தவறினால் மூச்சு வாங்கும், அடுத்ததும் தவறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். பஸ்ஸில் போய்வரத் தெம்பில்லை. ஒரு முறை வாடகைக் காரில் போனோம். திரும்பும் வழியில் அவள் வாந்தி எடுத்துவிட, அந்த டிரைவர் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். இனிமேல் அடுத்தவன் வண்டியில் ஏறமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். ஆக, எங்கள் பழைய காரை விட்டால் வேறு வழி கிடையாது.

அப்படிப்பட்ட வண்டிதான் ஆடி மாதம் முதல் பெட்ரோல் குடிக்க மாட்டேன் என்றது.

ஒரு காலை நினைவிருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்து பங்க்கில் நிற்கிறோம். பின்னால் வரிசையாக வண்டிகள். பங்க் ஊழியர் "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுக் குழாயை நுழைத்தார். டக். குழாயைத் திருப்பிப் பிடித்தார். டக். பாதி வெளியே இழுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். கொஞ்ச நேரம் போனது போலிருந்தது. பிறகு உள்ளே போனதெல்லாம் எதிர்த்துக்கொண்டு வந்து என் கையிலும் சட்டையிலும் தெறித்தது.

"சார், டேங்க்கு ஃபுல்லு சார்."

"யோவ், மீட்டர் முள்ளு அடியில கெடக்குது, கண்ணு தெரியலியா? எங்கய்யா ஃபுல்லு?"

"எங்கிட்ட கத்தி இன்னா சார் பண்றது? பின்னால ஆரன் அடிச்சிக்கினு கீறாங்க பாருங்க. வேற பங்க்கு பாத்துக்குங்க."

நான் திரும்பி வண்டிக்குள் பார்த்தேன். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். பெட்ரோல் நாற்றம் அவளுக்கு ஆகவே ஆகாது. வெறும் வயிற்றில் வந்திருந்தாள். கதவைத் திறந்து குனிவதற்குள் புடவையிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஆள் அதைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. அவள்மேல் இல்லை, ஆனால் அவள்தான் பக்கத்தில் இருந்தாள்.

"கொஞ்ச நேரம் அடக்கிக்க முடியாதா?" என்றேன்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு உள்ள போன தண்ணி வெளிய வர மாட்டேங்குது. உங்க வண்டிக்கு வெளிய இருக்கிறது உள்ள போவ மாட்டேங்குது. நல்ல ஜோடிதான் சேந்திருக்கோம் போங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அன்றைக்குச் சிரித்தாள். போகப் போக அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது.

அதன் பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளுக்கு முந்தின நாள் மாலையே தனியாகப் போய்ப் போட்டுப் பார்த்தேன். இரண்டு லிட்டர் இறங்குவதற்குள் அங்கிருப்பவர்களின் பொறுமை தீர்ந்துவிடும். மறுநாள் வழியில் எங்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். எந்த பங்க்கில் அழுத்தம் குறைவு, எங்கே கூட்டம் இல்லை என்று திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் இருக்கிற அத்தனை பங்க்கும் எனக்கு அத்துப்படி ஆனது. அவர்களுக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. தூரத்தில் என் வண்டியைக் கண்டாலே ஒருவர் டீ குடிக்கப் போய்விடுவார்.

ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பியதும் அவள் படுத்தபடியே சொன்னாள். "ஏங்க, போதுங்க. நிறுத்திடலாம்."

"இன்னா நிறுத்திடலாம்?"

"ஆஸ்பத்திரிக்குப் போறத. அந்த பங்க்குல உக்காந்துக்கினு இருக்க என்னால ஆவல. ஊரே வேடிக்க பாக்குது. எதுக்கு இதெல்லாம்?"

நான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இயந்திரத்தின் ஊசி குத்தியபோதெல்லாம் நிறுத்தலாம் என்று சொல்லாதவள், டாக்டர் சொன்னதற்காக ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் நாக்கு வறண்டு கிடந்தபோது சொல்லாதவள், இந்தப் பாழாய்ப்போன டேங்க்குக்காக உயிரை விடுகிறேன் என்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. டேங்க்கைச் சரிசெய்தால் அவள் பிழைப்பாள், இல்லாவிட்டால் இல்லை. என் கணக்கு அவ்வளவுதான்.

குழாய் விற்கிறவன் நான். குழாயில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் முதலில் காற்றைத்தான் சந்தேகப்படுவேன். பாட்டிலில் புனலை இறுக்கி வைத்து எண்ணெய் ஊற்றினால் இறங்காது, புனலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் 'குபுக்'கென்று இறங்கும். உள்ளே இருக்கும் காற்று வெளியே போக வழி வேண்டும். கார் டேங்க்குக்கும் அப்படி ஒரு சின்னக் காற்றுக்குழாய் இருக்கிறது. அதில்தான் அடைப்பு என்று முடிவு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினேன். கண்டுபிடித்தும் விட்டேன். குழாய் முனையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. மண்ணைச் சுரண்டி எடுத்துக் கம்பியை விட்டுக் குத்தி, வாயை வைத்து ஊதியும் பார்த்தேன்.

உடம்பெல்லாம் மண்ணோடு எழுந்து வந்து, "ஆச்சு! உன் வியாதியக் கண்டுபிடிச்ச டாக்டர விட நான் பெரிய டாக்டர்" என்று அவளிடம் பெருமையடித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ சொல்ல வருவது போலிருந்தது. பிறகு "குளவியா?" என்று மட்டும் கேட்டாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன்.

மறுநாள் பங்க்கில் குழாயை நுழைத்தார்கள். டக்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டும்போது அவள் மெல்லச் சொன்னாள். "இந்த வாரம் வர்றேன். அடுத்த வாரத்திலிருந்து என்னக் கூப்பிடாதீங்க." கத்துவதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை.

அன்று அவளை இயந்திரத்தில் படுக்க வைத்துவிட்டு, விழுப்புரம் புறவழிச்சாலை ஓரத்து மெக்கானிக் ஷெட் ஒன்றில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த மெக்கானிக் வாய் ஓயாதவர். "இதெல்லாம் ஒரு மேட்டரா சார், ஜல்தியா முடிச்சிடலாம், காத்து வால்வு போயிருக்கும், மாத்துனா சரி" என்றார். மாற்றினார். பக்கத்து பங்க்கில் போய் ஊற்றிப் பார்த்தோம். டக். திரும்பி வந்து தலையைச் சொறிந்தார். "பேஜாரு புடிச்ச வண்டியா இருக்குதே" என்று வண்டியைத் திட்டிவிட்டு, பின்சக்கரத்தைக் கழற்றினார். உள்பக்கத்து பிளாஸ்டிக் மறைப்பை எடுத்தார். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்க்குக்குப் போகும் ரப்பர் குழாய் ஓரிடத்தில் வளைந்திருந்தது. கிளிப்பைத் தளர்த்திக் குழாயைப் பிடுங்கி, வளைவுக்குள் விரலை விட்டார்.

"சார், உள்ள இன்னாமோ கீது."

குறட்டால் இழுத்தார். வந்தது. பெட்ரோலில் ஊறி நிறம் மங்கிப்போன மஞ்சள் துணி. சின்ன முடிச்சு. பிரித்தால் உள்ளே ஒரு ரூபாய் நாணயம்.

"வேண்டுதல் முடிப்பு சார் இது! இத யாரு சார் இங்க கொண்டாந்து போட்டது?" மெக்கானிக் சத்தமாகச் சிரித்தார். பக்கத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் போட்டது என்று தெரிந்துவிட்டது. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், மஞ்சளில் நனைத்த துணியில் ஒரு ரூபாயை முடிந்து ஏதாவது ஒரு சாமியின் பெயரைச் சொல்லி வைப்பார்கள். காரியம் நடந்துவிட்டால் அந்தச் சாமியின் உண்டியலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். பூஜை அலமாரியில் வைக்க வேண்டிய பொருள். எங்கள் வீட்டில் பூஜை அலமாரி கிடையாது. நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. கறுப்புச் சட்டை போட்ட காலத்தில் கல்யாணம் செய்துகொண்டேன், ஐயரும் இல்லை, மந்திரமும் இல்லை, மாலை மாற்றிக்கொண்டதோடு சரி. அவளோ பெருமுக்கல் பக்கத்துப் பெண். விளக்கேற்றாமல் அவர்கள் வீட்டில் பொழுது போகாது. எனக்காக அதையெல்லாம் விட்டுவிட்டு வந்தாள். தங்கையோடு எப்போதாவது கோயிலுக்குப் போவாள். நெற்றியில் திருநீறோடு வந்தால் நான் ஏதாவது குத்தலாகச் சொல்வேன். அவள் துடைத்துக்கொள்ளவும் மாட்டாள், பதில் சொல்லவும் மாட்டாள்.

அந்த நாணயத்தையும் துணியையும் ஷெட்டில் சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவக் கழுவ எரிச்சல் ஏறியது. இந்த ஒரு துணியால் எத்தனை நாள், எத்தனை பங்க், எத்தனை பேர் முன்னால் தலைகுனிவு! அவளுடைய மூடநம்பிக்கை அவளையே கொல்லப் பார்த்திருக்கிறது என்று என்னென்னவோ வசனம் தயார் செய்துகொண்டு, வழியில் டேங்க்கை நிரப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அவள் கட்டிலில் படுத்திருந்தாள். கையிலிருந்து சிவப்புக் குழாய்கள் இயந்திரத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தன. நர்ஸ் மூக்கைச் சுளித்து "இன்னா சார், பெட்ரோல்ல குளிச்சிட்டு வந்தீங்களா?" என்றார். நான் உள்ளங்கையை விரித்து அவள் முகத்துக்கு நேரே காட்டினேன்.

"கெடச்சிடுச்சா?" என்றாள்.

விரித்த கையை மூடிக்கொண்டேன். "அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியாது. சந்தேகந்தான்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா கத்துவீங்க. கத்திக்கினே வண்டி ஓட்டுவீங்க. எனக்கு பயமா இருக்கும்."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார், தூங்குவது போல. நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள், இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு.

"நீங்க குளிக்கப் போனப்பதான் பண்ணேன். பெட்ரோல் மூடியில ஒரு வாரு தொங்குதே, அதுல கட்டிடலாம்னு போனேன். இந்தக் கை நடுங்குச்சி. நழுவி உள்ள போயிடுச்சி. சரி, வண்டிக்கு அதுதானே வாயி, உள்ளயே இருக்கட்டும்னு வுட்டுட்டேன். அப்புறம் பெட்ரோல் எறங்கலியா, எனக்கு மனசே வுட்டுப்போச்சிங்க. சாமி வாங்கிக்க மாட்டேன்னு துப்புதுன்னு நெனச்சேன். நீங்க குளவின்னு சொன்னப்ப அவ்ளோ சந்தோஷமா இருந்துது. மறுநாளும் எறங்கல. அதான், நான் ஆஸ்பத்திரிக்கி வந்தா இன்னா, வராட்டி இன்னான்னு ஆயிடுச்சி."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் பங்க்குக்குப் பயந்து நிறுத்தச் சொல்லவில்லை. அங்கே ஒவ்வொரு தடவை 'டக்' என்று கேட்டபோதும், வேண்டாம் என்று சாமி சொல்வதாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் வெளியே நின்று பங்க் ஆளிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல" என்றேன். "துணி. குழாய் வளைவுல போய் அடச்சிக்கிச்சி. அவ்ளோதான்."

"துணிதானா?"

"துணிதான்டி. வெறும் துணி."

"நல்லாப் பாத்தீங்களா?"

"என் கண்ணால பாத்தேன். எடுத்துட்டு ஊத்திப் பாத்தேன், கடகடன்னு எறங்குது. டேங்க்கு ரொம்பிடுச்சி."

அவள் அப்படியே சிரித்தாள். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது, துடைக்க ஒரு கைதான் இருந்தது. "அப்ப சாமி ஒண்ணும் சொல்லல" என்றாள். நான் சாமி இல்லை என்று முப்பது வருஷமாக அவளிடம் வாதாடியிருக்கிறேன். அது ஒரு நாளாவது அவளுக்கு நிம்மதி கொடுத்ததாக நினைவில்லை. அன்றைக்குக் கொடுத்தது.

ஸ்டூலைக் கட்டிலுக்கு அருகே இழுத்துக்கொண்டு கேட்டேன். "பொழைக்கணும்னு வேண்டிக்கினியா?"

"அத வேண்டி இன்னா ஆவப்போவுது? எனக்குத் தெரியாதா?" என்றாள். "எப்பனா ஒரு நாளு நீங்க இங்கேர்ந்து ஒத்தையா வூட்டுக்குத் திரும்பணும். அந்த நேரத்துல வண்டி வழியில நின்னுடக் கூடாது. உங்களுக்குக் கோவம் வந்தா கையும் ஓடாது காலும் ஓடாது. பக்கத்துல நானும் இருக்க மாட்டேன். வண்டி பத்திரமா உங்கள வூடு சேக்கணும். அதுக்குத்தான் முடிஞ்சேன்."

நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். அங்கே செருப்புகள் குவிந்து கிடந்தன. என் செருப்பைத் தேடுவது போல் குனிந்துகொண்டு அழுதேன்.

திரும்பி வந்தபோது, "கோச்சிக்காதீங்க, இனிமே டேங்க்குல போட மாட்டேன்" என்றாள். நான் அந்த நாணயத்தை மஞ்சள் துணியோடு என் கைக்குட்டையில் முடிந்தேன். அன்று மாலை அவளை ஏற்றிக்கொண்டு வரும்போது, அவள் பார்க்கும்படி டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து உள்ளே வைத்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவளை நான் கூப்பிடவில்லை. அவளாகவே விடியற்காலையில் தலை சீவிக்கொண்டு, பையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பங்க்கில் பெட்ரோல் 'கடகட'வென்று இறங்கும் சத்தத்தைக் கேட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நாற்றத்துக்கு மட்டும் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வாள். ஆடி போய் தை வந்தது, அடுத்த ஆடியும் வந்தது. அதுவரை ஒரு முறைகூட அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

அந்த ஐப்பசியில், இயந்திரத்தில் இருக்கும்போதே ரத்த அழுத்தம் இறங்கி அவள் உயிர் போய்விட்டது. மழை பெய்துகொண்டிருந்த பகல். வீட்டுக்குக் கொண்டுவர அவளை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றினார்கள். தகவல் தெரிந்து வந்த மச்சினி அதில் அவளோடு ஏறிக்கொண்டாள். நான் காரில் பின்னால் வந்தேன். யார் யாரோ வண்டி ஓட்ட வருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன். வழியில் ஏதோ ஓரிடத்தில் அந்த வண்டியைத் தவறவிட்டுவிட்டேன். தனியாகத்தான் வந்தேன். தண்ணீர் தேங்கிய இடத்திலெல்லாம் வண்டி நிற்காமல் ஓடியது. எங்காவது நின்றிருந்தால் தேவலை, ஓரமாக உட்கார்ந்து கத்தியிருப்பேன். நிற்கவே இல்லை. வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, மச்சினியிடம் அந்த முடிப்பை எடுத்துக் காட்டினேன். "இத எந்தச் சாமிக்கு முடிஞ்சாம்மா உங்க அக்கா? கொண்டுபோய்ச் சேத்துடலாம்."

அவள் வாங்கிப் பார்த்தாள். "எங்கிட்ட சொல்லலியே மாமா. இப்படி ஒண்ணு முடிஞ்சி வெச்சிருக்கிறதே எனக்குத் தெரியாது." பிறகு என்னைப் பார்த்து, சாதாரணமாகத்தான் கேட்டாள். "நீங்க கேக்கலியா?"

பெருமுக்கல் மலை ஏறினேன், அவள் பிறந்த ஊர்ச் சாமியாக இருக்கலாம் என்று. உண்டியலுக்கு முன்னால் நின்றேன். இதுதானா என்று தெரியவில்லை, திரும்பிவிட்டேன். அவர்கள் குலதெய்வத்தின் கோயிலுக்குப் போனேன். அங்கேயும் போட மனம் வரவில்லை. வேறு சாமிக்குப் போட்டுவிட்டால் அவள் சொன்ன சொல் பொய்யாகிவிடுமே என்று இருந்தது. எனக்கா இந்தக் கவலை என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. போன மாதம் பனமலைக்குப் போனேன். கல்யாணமான புதிதில் தங்கையோடு அங்கே போய்வந்ததாக ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். படியேறி, மூச்சு வாங்கி, கைக்குட்டை முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு அம்மன் சந்நிதியில் நின்றேன். அங்கேயும் தெரியவில்லை. கோபம் வந்துவிட்டது.

"எந்தச் சாமின்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதாடி?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். நான் அம்மனிடம் முறையிடுவதாக நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. நான் நன்றாகப் பார்த்துக் கும்பிடட்டும் என்று கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டாள்.